வெள்ளித்திரை வெற்றியும் வியர்வைக் கணக்கும்

குரோம்பேட்டையில் ஒரு படக் கொட்டகை உண்டு. அதன் பெயர் 'வெற்றி'! பெயர் வைத்தவர் வாய்க்குச் சர்க்கரை போடலாம். உள்ளே நுழைகிறவன் கூலிக்காரனாயினும் குமாஸ்தாவாயினும், இரண்டரை மணி நேரத்தில் ஒரு வெற்றியைக் கண்ணாரக் கண்டுவிட்டுத்தான் வெளியே வருகிறான். வெளியே வந்த பின்? கடைசி மின் ரயில், காலை ஷிப்டு, கடன்காரன் முகம்!

2025ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள். கபடி வீரர் மணத்தி கணேசனின் வாழ்வைத் தழுவிய 'பைசன் காளமாடன்' வெளிவந்த சமயம். தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில் நாம் நின்றிருந்தோம். படம் பார்த்துத் திரும்பிய வாலிபர் நால்வர் வந்தனர். அவர்களில் ஒருவர் ஏற்றுமதி மண்டலத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. ஞாயிறுதோறும் கபடி ஆடுபவர். நம்மைக் கண்டதும் கேட்டார்:

"அண்ணே, மணத்தி கணேசன் ஜெயிச்சாருல்ல? நானும் வேலையை விட்டுட்டு ராப்பகலா ஆடினா ஜெயிக்க மாட்டேனா?"

உடனே விடை கூற நமக்கு நா எழவில்லை. 'ஆம்' என்றால் ஒரு குடும்பத்தின் அடுப்பிலே தண்ணீர் ஊற்றியவராவோம். 'இல்லை' என்றால் ஓர் இளைஞனின் நெஞ்சிலே எரியும் நெருப்பை அணைத்தவராவோம். அன்று சொல்லாத விடையை இன்று எழுதுகிறோம். அவர் ஒருவருக்காக மட்டும் அல்ல. அவரைப் போல் கேட்கத் துடிக்கும் ஆயிரம் வாலிபர்க்காக!

முதலில் ஒன்று. படம் என்றால் முகஞ்சுளிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர்களல்ல நாம். 1949இல் 'வேலைக்காரி'யும் 1952இல் 'பராசக்தி'யும் இந்நாட்டு ஏழையின் நெஞ்சிலே என்ன செய்தன என்பதை அறிவோம். ஆனால் அவை 'இது உண்மைக் கதை' என்று நெற்றியில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. கற்பனைக் கதையைக் காட்டின, உண்மையை உணர்த்தின. இன்றைய விளையாட்டு வீரர் படங்கள் பலவோ, உண்மைக் கதை என்று பறைசாற்றிக்கொண்டு வருகின்றன. கற்பனையை ஊட்டிவிட்டுப் போகின்றன! வேறுபாடு விளங்குகிறதல்லவா?

2016இல் வந்த 'தங்கல்' என்ற இந்திப் படத்தைத் தமிழிலும் பார்த்தோம். அரியானா நாட்டுப்புறத்துப் பெண் கீதா போகாட், 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் மல்யுத்தத்தில் தங்கம் வென்ற கதை. திரையிலே இறுதிப் போட்டி எப்படி நடக்கிறது? பயிற்சியாளர் சூது செய்கிறார். தந்தை ஓர் அறையில் அடைபடுகிறார். மகள் தோல்வியின் விளிம்பிலே நிற்கிறாள். கடைசி நொடியில் எதிரியைத் தூக்கி வீசி ஐந்து புள்ளி! கொட்டகை அதிர்கிறது.

உண்மையிலே நடந்தது என்ன? முதல் சுற்று 1–0. இரண்டாம் சுற்று 7–0. ஆஸ்திரேலியப் பெண்ணை நேராக வென்றார் கீதா. அறையும் இல்லை, அடைப்பும் இல்லை! அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அந்நாளைய பயிற்சியாளர் மனம் நொந்து சொன்னார்.

'சுவைக்காகச் சேர்த்தார்கள், அதிலென்ன குற்றம்?' என்பர் சிலர். ஈராண்டுக் கதையை இரண்டு மணி நேரத்தில் சுருக்குவது கலை. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால், உழைத்தவனைக் கயவனாக்கினால் அது சுவையா, சூதா? அதுமட்டுமா? ஏழு புள்ளி வாங்கி எதிரிக்கு ஒரு புள்ளியும் கொடாத பெண்ணின் திறமையை, மயிரிழையில் தப்பிய அதிசயமாக்கிவிட்டார்களே! பயிற்சியால் பெற்ற வெற்றி திரையிலே பரபரப்பாகத் தோன்றாதாம். அதனால் தற்செயலைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். பார்க்கும் வாலிபன் என்ன பாடம் படிக்கிறான்? கடைசி நொடியில் ஏதோ நடந்துவிடும் என்ற பாடம்!

மில்கா சிங் கதையைப் பாருங்கள். 1960, ரோம் ஒலிம்பிக், 400 மீட்டர் ஓட்டம். நான்காம் இடம். வெண்கலம் நொடியில் பத்தில் ஒரு பங்கிலே போயிற்று. 2013இல் வந்த படம், நாட்டுப் பிரிவினையின் கொடுமை கண்முன் வந்ததால் அவர் திரும்பிப் பார்த்தார் என்றது. உருக்கமான காட்சிதான்! ஆனால் மில்கா சிங், பாதி வழிக்குமேல் மிக வேகமாகப் போகிறோமோ என்று எண்ணித் தாமே வேகத்தை மட்டுப்படுத்தியதே பிழை என்று பலமுறை கூறினார். திரை சொன்னது விதி. வீரர் சொன்னது கணக்கு. விதியைப் பார்த்து அழலாம். கணக்கைப் பார்த்தால்தான் திருந்தலாம்! பகுத்தறிவு எந்தப் பக்கம் நிற்கிறது என்று தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சி. செங்கற்சூளைக் கூலிகளின் மகள் சாந்தி சௌந்தரராஜன். 2006 டிசம்பரில் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வென்றார். பெண்தானா என்று சோதித்தார்கள், பதக்கத்தைப் பறித்தார்கள். சோதனைச் செய்தி வந்த பின்னும் மாநில அரசு தன் 15 லட்ச ரூபாய்ப் பரிசை நிறுத்தவில்லை. ஆனால் விளையாட்டுலகம் கதவைச் சாத்திக்கொண்டது. 2012இல் அவர் சூளையிலே கூலி வேலை செய்யும் செய்தி நாடெங்கும் வந்தது.

2013இல் வந்தது 'எதிர்நீச்சல்'. அதிலே சாந்தியின் துயரைச் சுமந்த பாத்திரம் ஒன்று. அதைத் தொடத் துணிந்தமைக்காகப் பாராட்டுவோம். ஆனால் முடிவைக் கவனித்தீர்களா? அந்தப் பெண் பயிற்சியாளராகி ஓரமாக நிற்கிறாள். ஓடி வெல்பவர் படத்தின் நாயகன்! அவள் பட்ட பாடு, அவனுக்குப் பாதை! கொட்டகை கை தட்டியது. கணக்குத் தீர்ந்துவிட்டது என்று வீட்டுக்குப் போனோம். தீர்ந்ததா? படம் வந்து மூன்றாண்டு கழித்து, 2016இல்தான் மாநில அரசின் நிரந்தரப் பயிற்சியாளர் பணி சாந்திக்குக் கிடைத்தது. கொட்டகையில் தீர்ந்த கணக்கு, வாழ்க்கையில் பத்தாண்டு இழுத்தது!

மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தவர். 1995ஆம் ஆண்டின் அர்ஜுனா விருது பெற்றவர். 'பைசன்' படம் அவர் பெயரைச் சூட்டாமல் 'கிட்டன்' என்று வேறு பெயர் வைத்தது நேர்மை. களத்திலே எதிரணி மட்டுமல்ல, களத்துக்கு வரும் வழியெல்லாம் சாதி நின்று மறிக்கும் என்று காட்டியதும் நேர்மை. அதற்காக நாம் மகிழ்கிறோம்.

ஆயினும், எந்தப் படமும் காட்ட முடியாத ஒரு கணக்கு இருக்கிறது. கபடியில் களத்தில் நிற்போர் 7, மாற்று ஆட்டக்காரர் 5, ஆக 12. ஆசியப் போட்டி நான்காண்டுக்கு ஒரு முறை. இவ்வளவு பெரிய நாட்டுக்கு, நான்காண்டுக்கு ஒரு முறை, பன்னிரண்டே இடம்! போய்ச் சேர்ந்தவனைப் படம் பிடிக்கலாம். கூடவே ஆடி, முழங்கால் முறிந்து, பேருந்துக் காசு இல்லாமல், வீட்டில் தங்கைக்குக் கல்யாணம் என்று நின்றுபோனவனை எவன் படம் பிடிப்பான்? அவன் உயிரைக் கொடுத்து ஆடவில்லையா? ஆடினான்! திறமை குறைந்தவன் மட்டுந்தான் நின்றுபோனான் என்று நம்பவைப்பதே, உண்மைக் கதைப் படங்கள் அறிந்தோ அறியாமலோ சொல்லும் பெரும் பொய்.

நம் தென்சென்னைப் புறநகரிலேயே சான்று இருக்கிறது. அதே 2025 அக்டோபரில், பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. துணைத் தலைவி கண்ணகி நகர் கார்த்திகா! மாநகரின் ஆற்றங்கரைகளிலிருந்தும் குடிசைகளிலிருந்தும் பெயர்த்து எடுக்கப்பட்ட குடும்பங்களை, 2000ஆம் ஆண்டு முதல் கொண்டுவந்து குடியேற்றிய இடமல்லவா கண்ணகி நகர்! எழில் நகரையும் சேர்த்தால் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். அந்தப் பெயரைச் சொன்னால் வேலை கொடுக்கத் தயங்கியவர் உண்டு. அந்தப் பெயரை உலகம் உச்சரிக்கச் செய்தார் ஒரு பெண். மாநில அரசு 25 லட்ச ரூபாய் பரிசளித்தது.

நாளை எவரேனும் இதையும் படமாக்கக் கூடும். மழை பெய்யும், முரசு முழங்கும், ஒரு வில்லன் உறுமுவான். ஆனால் உடன் ஆடிப் பழகிய மற்றப் பெண்கள் இருப்பார்களா? தொட வந்தவளைப் பிடிக்கக் கை கோத்து நின்றவர்கள் அவர்கள்தானே? கபடியிலே பாடிப் போகிறவள் ஒருத்தி, பிடிப்பது சங்கிலி! திரைக்கு ஒருவர் போதும். களத்துக்கு ஊரே வேண்டும்.

ஆகவே, சானடோரியம் தேநீர்க் கடையில் கேட்ட தம்பிக்கு நம் விடை இது: வேலையை விடாதே, களத்தையும் விடாதே! உன் ஆட்டத்துக்கு உன் சம்பளத்தை மட்டும் பணயம் வைப்பது வீரமல்ல. அந்தச் சுமையில் பாதியை ஊர் ஏற்க வேண்டும், அரசு ஏற்க வேண்டும், உன்னை வேலை வாங்கும் முதலாளியும் ஏற்க வேண்டும். அதைக் கேட்பதே வீரம். அரசுப் பணியில் விளையாட்டு வீரர்க்கு நூற்றுக்கு 3 இடம் ஒதுக்கீடு உண்டு; எந்தப் போட்டியில் எந்தச் சான்றிதழ் வாங்கினால் அது கிட்டும் என்று முதலில் தெரிந்துகொள். அது திரையிலே வராத காட்சி; ஆனால் உன் வீட்டு அடுப்பை எரியவைக்கும் காட்சி!

தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். 2021இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. 70 வார்டுகள். உங்கள் வார்டில் பிள்ளைகள் ஆடத் திடல் இருக்கிறதா? ஷிப்டு முடிந்து வருபவன் ஆட, இரவிலே விளக்கு எரிகிறதா? பெண் பிள்ளைகள் உடை மாற்ற ஓர் அறை உண்டா? போய்ப் பாருங்கள், எண்ணிப் பாருங்கள், இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். கேட்டும் நடக்கவில்லையென்றால் மீண்டும் கேளுங்கள். ஆளுவோர் யாராயினும் கேளுங்கள், நம்மவராயினும் கேளுங்கள்!

படம் பாருங்கள், கை தட்டுங்கள், தடையில்லை. ஆனால் வெளியே வந்ததும், தட்டிய கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். கொட்டகையின் விளக்கு எரிந்தால் கதை முடிந்தது என்று பொருள். திடலின் விளக்கு எரிந்தால்தான் நம் கதை தொடங்குகிறது!