நிழலை மட்டும் நம்பலாமா?

இதயத் தமனியில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் மாரடைப்பு உண்டாகிறது. அடைப்பை நீக்க, மணிக்கட்டு அல்லது தொடையில் உள்ள தமனி வழியே 'கத்தீட்டர்' என்னும் மெல்லிய குழாயை மருத்துவர்கள் இதயம் வரை செலுத்துகிறார்கள். 1977-ல் சூரிச் நகரில் ஆந்திரியாஸ் குருண்ட்சிக், இத்தகைய குழாயின் நுனியில் இருந்த பலூனை ஊதி, சுருங்கிய இதயத் தமனியை முதன்முதலாக விரித்தார். இன்று அங்கே 'ஸ்டென்ட்' என்னும் வலைக்குழலையும் பொருத்துகிறார்கள்.

இதற்கு வழிகாட்டுவது ஆஞ்சியோகிராம். மாணவர்களே, அது ஒரு நிழற்படமே! தமனிக்குள் செலுத்திய சாயம் எக்ஸ் கதிர்களைத் தடுப்பதால் விழும் நிழல் அது. அடைத்திருப்பது எத்தகைய கட்டி என்பதை நிழல் முழுமையாகச் சொல்லாது. சில கட்டிகள் புதியவை. சில பழையவை, உடலே அவற்றினூடே பல சிறு வழிகளை உண்டாக்கியிருக்கும். குறுக்கே வெட்டிய தாமரைக் கிழங்கில் பல துளைகளைக் காண்கிறோம் அல்லவா? அதே தோற்றம்தான். ஆஞ்சியோகிராமில் இது வெறும் மங்கலாகத் தெரியக்கூடும். கத்தீட்டர் வழியே அகச்சிவப்பு ஒளியைச் செலுத்திப் படமெடுக்கும் ஓ.சி.டி. கருவியோ, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு அளவுள்ள நுட்பத்தையும் காட்டுகிறது.

இது வீண் ஆடம்பரம் என்பாரும் உண்டு. எல்லா நோயாளிக்கும் இது வேண்டியதில்லை என்பது உண்மையே. ஆனால் நிழல் ஐயத்தைத் தரும்போது உள்ளே பார்த்து முடிவு செய்வதே முறை. கட்டியைக் கண்டாலே உறிஞ்சி எடுப்பது நல்லது என்று முன்பு பலர் எண்ணினர். 10,000-க்கு மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2015-ல் வெளியான முடிவு வேறாக இருந்தது: எல்லாருக்கும் வழக்கமாக உறிஞ்சியதால் உயிரிழப்பு குறையவில்லை, பக்கவாதம் சற்றுக் கூடியது. எல்லாக் கட்டிக்கும் ஒரே வைத்தியம் பொருந்தாது.

தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களை எண்ணிப் பாருங்கள். அங்கே முதல் எதிரி நேரம். 2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கிடைக்கின்றன. இது நல்ல முதல் படி. தமனிக்குள் பார்க்கும் கருவியும், அதைக் கையாளப் பயின்றவர்களும் பெருநகரங்களோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு மாவட்டத்தையும் எட்டுவதே அடுத்த படியாக வேண்டும்.

உங்கள் பங்கும் ஒன்று உண்டு. வீட்டில் பெரியவர்கள் நெஞ்சை அழுத்தும் வலியை 'வாயுப் பிடிப்பு' என்று ஒதுக்கினால், காத்திருக்க விடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.