பயிற்சியில் ரப்பர்ப் பட்டைக்கும் ஓர் இடம் வேண்டும்

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்" என்பது முன்னோர் வாக்கு. படிப்பு என்னும் சித்திரத்தில் நாம் காட்டும் அக்கறையை, உடல் என்னும் சுவரிடம் காட்டுகிறோமா? பத்தாம் வகுப்பு வந்ததும் பல பள்ளிகளில் பி.டி. வகுப்பு கணக்கு வகுப்பாகிவிடுகிறது. வீட்டிலோ, "பரீட்சை முடியட்டும், பிறகு விளையாடலாம்" என்கிறார்கள்.

இதன் விளைவு என்ன? 2016ஆம் ஆண்டுக் கணக்குகளைக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதன்படி, உலகில் 11 முதல் 17 வயது வரையுள்ள பெண்களில் 85 விழுக்காட்டினருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. ஆண்களில் இது 78 விழுக்காடு. நம் வயதினர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களாவது உடலை இயக்க வேண்டும் என்றும், வாரத்தில் 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் அதே நிறுவனம் 2020இல் கூறியது. இதில் இரண்டாவது பகுதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

ஓட்டமும், ஸ்கிப்பிங்கும், கோ-கோவும் காலுக்கும் இதயத்திற்கும் நல்லவை. ஆனால் எதையேனும் பிடித்து இழுக்கும் வேலை நம் முதுகுக்கும் தோளுக்கும் எங்கே கிடைக்கிறது? கம்பியில் தொங்கி உடலைத் தூக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? இக்குறையை எளிதில் தீர்ப்பதுதான் ரெசிஸ்டன்ஸ் பேண்ட் என்னும் ரப்பர்ப் பட்டை.

ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதியை நாம் அறிவியலில் படிக்கிறோம். ரப்பர் அவ்விதிக்கு முழுவதும் கட்டுப்படாவிட்டாலும், இழுக்க இழுக்க அதன் எதிர்விசை கூடுகிறது. ஆகவே வலிமை குறைந்தவள் சிறிது இழுப்பாள்; வலிமை மிக்கவள் அதிகம் இழுப்பாள். ஒரே பட்டை இருவருக்கும் உதவும். பட்டைப் பயிற்சியால் வரும் பலம், எடைக் கருவிகளால் வரும் பலத்திற்கு ஏறக்குறைய ஈடானது என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு காட்டியுள்ளது.

செய்முறையும் எளிதே. கால்களை நீட்டி அமர்ந்து, பட்டையைப் பாதங்களில் மாட்டி, முழங்கைகள் பின்னே செல்லும்படி இழுக்க வேண்டும். புத்தகத்தின் மேல் கூன் போட்டு அமரும் நமக்கு இது மிக நல்லது. பட்டையை மிதித்து நின்று உட்கார்ந்து எழுவது தொடைக்கு நல்லது. ஒவ்வொன்றையும் 10 முதல் 15 முறை செய்தால் போதும். திரும்பும்போது பட்டையைச் சட்டென விட்டுவிடாமல் மெதுவாக விட வேண்டும். அப்போதும் தசை உழைக்கிறது. பட்டையில் விரிசல் உண்டா என முதலில் பார்ப்பதும், முகத்திற்கு நேரே இழுக்காமல் இருப்பதும் அவசியம். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் ரப்பர்ப்பால் கலக்காத பட்டையையே வாங்க வேண்டும். வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

"பெண்பிள்ளைக்கு எதற்கு இந்தப் பலம்? கை முரடாகிவிடுமே!" என்று பாட்டிமார் கேட்பார்கள். வாரம் மூன்று முறை கால் மணி நேரம் பட்டை இழுப்பதால் யாரும் பயில்வான் ஆகிவிடுவதில்லை. ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் உச்ச எலும்பு வலுவில் 90 விழுக்காடு வரை 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். இப்போது சேர்க்காததை நாற்பது வயதில் எங்கே போய்த் தேடுவது?

ரப்பர்ப் பட்டை ஓட்டத்திற்கோ விளையாட்டிற்கோ மாற்று என்று நாம் கூறவில்லை. இருப்பவற்றோடு இதையும் சேர்த்துக்கொள்வோம் என்கிறோம். மதிப்பிற்குரிய சிஸ்டர்களே, பரீட்சை ஆண்டிலும் பி.டி. வகுப்பை எங்களுக்கே விட்டு வையுங்கள். அதில் கால் மணி நேரம் இப்பயிற்சிக்குத் தாருங்கள். அன்புள்ள பெற்றோரே, எத்தனையோ கைடுகள் வாங்கித் தருகிறீர்கள். அவற்றோடு ஒரு பட்டையும் வாங்கித் தாருங்கள். தோழியரே, அதை அலமாரியில் உறங்க விடாமல் நாம் இழுப்போம்! சுவர் உறுதியானால் சித்திரமும் சிறக்கும்.

— பத்தாம் வகுப்பு மாணவி