பாரத்தின் மேல் ஆள் வேண்டாம்

போன ஆடியில் தொழுவுரம் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை மேட்டில் டிராக்டர் ஏறும்போது, டிரெய்லர் கழன்று பின்னால் உருண்டது. ஓட்டியது நான்தான். கொக்கியில் சரியான பின் இல்லை. கையில் கிடைத்த பழைய போல்ட்டைச் செருகியிருந்தேன். உரத்தின் மேல் உட்கார்ந்து வந்த இரண்டு பேரும் குதித்துத் தப்பினார்கள். இன்னும் எனக்கு அந்த நினைப்பு போகல.

"பக்கத்துலதானே, மெதுவா போயிடலாம்" என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். நம்ம ஊர் டிரெய்லர் பலவற்றில் பிரேக்கே கிடையாது. இறக்கத்தில் மொத்தப் பாரமும் டிராக்டரைத் தள்ளும். அதனால் இறக்கம் வருமுன்பே கியரைக் குறைங்க. நியூட்ரலில் விடவே விடாதீங்க. வயலில் தனித்தனியாக மிதிக்கும் இரண்டு பிரேக் பெடலையும் ரோட்டுக்கு வருமுன் கொண்டி போட்டு இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு சக்கரம் மட்டும் பிடித்து வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். கொக்கிக்குச் சரியான பின், அது கழராமலிருக்க கிளிப், கூடவே ஒரு சங்கிலி, டிரெய்லரின் பின்புறம் சிவப்பு ரிஃப்ளெக்டர். இவ்வளவுதான் செலவு.

மண்புழு சாகக்கூடாதென்று உழவையே குறைத்தவர்கள் நாம். உரம் இறக்க வரும் மனிதர்மேல் அந்த அக்கறை வேண்டாமா?