சுற்றுலா போகட்டும், சேவை என்று சொல்லாதீர்கள்

பதினான்கு வயதுப் பிள்ளை கோடை விடுமுறையில் கம்போடியா போய், அனாதை இல்லத்தில் இரண்டு வாரம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறார்கள். நஷ்டம் அங்குள்ள குழந்தைக்குத்தான். 2005 முதல் 2010 வரை கம்போடியாவில் அனாதை இல்லங்கள் 75 விழுக்காடு பெருகின. அதுவும் போர் ஓய்ந்து பல ஆண்டுகள் கழித்து! அங்கிருந்த குழந்தைகளில் நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்ததை யுனிசெஃப் பங்கேற்ற 2011ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. படிப்பும் சோறும் கிடைக்கும் என்று நம்பி ஏழைப் பெற்றோர் அனுப்பிய பிள்ளைகள் அவர்கள். வருகிற வெளிநாட்டார் கண்ணீரும் காசும் விட்டுப்போக, காட்சிக்கு இன்னும் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதை நவீன அடிமைமுறை என்றே ஆஸ்திரேலியா 2018இல் ஏற்றுக்கொண்டது.

பிள்ளைக்கு உலகம் புரியுமாம். புரியட்டும். அங்கோர் வாட்டைப் பார்க்கட்டும், மேக்கோங்கில் படகில் போகட்டும், உள்ளூர் வழிகாட்டிக்கு நியாயமான கூலி கொடுக்கட்டும். கெமர் மொழியில் ஒரு சொல்லும் தெரியாத, பயிற்சியே இல்லாத சிறுவனை ஆசிரியர் என்று வகுப்பில் நிறுத்த, சிட்னியில் எந்தப் பள்ளி சம்மதிக்கும்?

பெற்றோரே, பயண நிரலில் குழந்தைகள் இல்லம் இருந்தால் பணம் கட்டாதீர்கள்.