கிளைமொழியா, தனிமொழியா?

பால்டிக் கடலோரத்திலுள்ள எஸ்தோனியாவில் மீனுக்குப் பெயர் 'கல'. பல மீன்கள் என்றால் 'கலத்' என்பார்கள். அந்நாட்டின் தென்கிழக்கு மூலையில் வழங்கும் வோரோ மொழியிலும் மீன் 'கல'தான். ஆனால் பன்மைக்கு அங்கே 'த்' கிடையாது. 'கல' என்று சொல்லி முடித்ததும் தொண்டையைச் சட்டென்று அடைக்க வேண்டும், அவ்வளவுதான்! நீங்களே சொல்லிப் பாருங்கள். எழுதும்போது இவ்வொலிக்கு 'க்யூ' என்ற எழுத்தைப் போடுகிறார்கள்.

பாடநூல் எஸ்தோனிய மொழியில் இவ்வொலி இல்லை. ஆகவே இது கொச்சை என்று கருதப்பட்டது. பள்ளியில் வோரோ பேசிய பிள்ளைகள் கேலிக்கும் தண்டனைக்கும் ஆளானார்கள். பிற்பாடு அவர்கள் பெற்றோரானபோது தம் மக்களிடம் வோரோ பேசவில்லை. மொழி அறுபடுவது இப்படித்தான்.

இது உண்மையில் கொச்சையா? பின்னிஷ், எஸ்தோனியன் முதலியவற்றின் மூலமொழியிலிருந்து முதலில் பிரிந்த கிளையே தெற்கு எஸ்தோனியம் என மொழியியலார் பலர் கருதுகின்றனர். வோரோ அக்கிளையைச் சேர்ந்தது. புதிய ஏற்பாடு தெற்கு மொழியில் 1686-இலேயே அச்சாயிற்று. வடக்கு மொழியில் 1715-இல்தான். ஆனால் முழு விவிலியம் 1739-இல் வடக்கு மொழியில் வெளிவரவே, அதுவே நூல்வழக்காக நிலைத்தது. அச்சுக்கூடம் வேறு பக்கம் சாய்ந்திருந்தால் இன்று எது 'கொச்சை' ஆகியிருக்கும்?

1995-இல் வோரோ நிறுவனம் தொடங்கப்பட்டது. 2000-இல் 'உமா லேக்த்' என்ற செய்தித்தாள் வந்தது. 2004-இல் யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு எஸ்தோனியா வோரோ மொழிப் பாடல் ஒன்றையே அனுப்பியது. (இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை, போகட்டும்.) 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 75,000 பேர் தமக்கு வோரோ தெரியும் என்றனர்.

எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் அவர்களில் சிறுவர் எத்தனை பேர் என்பதே கேள்வி. பள்ளிகள் பலவற்றில் வாரம் ஒரு பாடவேளை வோரோ கற்பிக்கிறார்கள். அது போதாது என்பேன். பாடவேளையில் கற்ற மொழியில் எந்தப் பிள்ளையும் சண்டை போடுவதில்லை; விளையாடுவதுமில்லை. நியூசிலாந்தின் மவோரி மக்கள் 1982-இல் 'மொழிக்கூடு' என்ற முறையைத் தொடங்கினர். பள்ளி வயதுக்கு முன்பே குழந்தைகளைக் கூட்டி, பெரியவர்கள் அந்த மொழியில் மட்டுமே பேசுவார்கள். உண்ணச் சொல்வதும் அதட்டுவதும் அதிலேயே. குழந்தை இலக்கணம் படிக்காமலே மொழியைப் பிடித்துக்கொள்கிறது.

வோரோ வட்டாரத்திலும் சில மழலையர் பள்ளிகள் இம்முறையைக் கைக்கொண்டுள்ளன. ஆனால் பெரும்பாலும் வாரத்தில் ஒரே நாள். அந்த ஒரு நாளை ஐந்து நாளாக்க வேண்டும் என்பதே என் கட்சி.