டியூபைக் கழற்றலாமா?

பைக்கிலும் காரிலும் டியூப்லெஸ் வந்தாச்சு, சைக்கிளில் மட்டும் ஏன் இன்னும் டியூப்? கியர் சைக்கிள் வாங்கியவரிடம் "டியூப்லெஸ்ஸா மாத்திடு மச்சி, பஞ்சரே ஆகாது" என்று சொல்ல ஒவ்வொரு கேங்கிலும் ஒருவர் இருக்கிறார். பஞ்சரே ஆகாதாம்! அங்கேதான் இடிக்கிறது.

முதலில் அது என்ன சமாச்சாரம் என்று பார்த்துவிடலாம். அலாய் வீல் பைக்கின் ரிம்மில் ஸ்போக் ஓட்டை கிடையாது. சைக்கிள் ரிம்மிலோ ஒவ்வொரு ஸ்போக்குக்கும் ஓர் ஓட்டை. (ஸ்போக் சக்கரம் போட்ட பைக்குகள் பெரும்பாலானவற்றில் இன்றும் டியூப் இருப்பது இதனால்தான்.) அந்த ஓட்டைகளைக் காற்றுப் போகாத டேப் சுற்றி அடைத்து, தனி வால்வு மாட்டி, ரப்பர் பால் கலந்த சீலண்ட் என்கிற திரவத்தை உள்ளே ஊற்றி, டயரின் ஓரம் ரிம்மில் "டப்" என்று போய் உட்காரும்வரை ஒரே மூச்சில் காற்றடிக்க வேண்டும். சின்ன முள் குத்தினால் சீலண்ட் ஓடிவந்து ஓட்டையில் உறைந்துவிடும். கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கிக் கிழிய டியூப் இல்லை என்பதால் காற்றைக் குறைத்து ஓட்டலாம், பிடிப்பு கூடும். 1999இல் மாவிக் முதலிய ஃபிரெஞ்சு கம்பெனிகள் யூஎஸ்டி என்ற முறையைக் கொண்டுவந்தது மலைப்பாதை சைக்கிள்களுக்காகத்தான்.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இது பரவியதற்கு ஒரு காரணம் நம்மூர் நெருஞ்சி! அங்கே போய்ப் பரவிய அந்தச் செடிக்கு ஆங்கிலத்தில் பஞ்சர்வைன் என்றே பெயர். ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரில் 2018இல் கோட்ஹெட் ஃபெஸ்ட் என்று நெருஞ்சி முள்ளின் பெயரிலேயே சைக்கிள் திருவிழா தொடங்கிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் டியூப்லெஸ் போடாதவர்தான் பாவம்.

ஆனால் தினமும் தார் ரோட்டில் காலேஜுக்கும் வேலைக்கும் போய்வருகிறவருக்கு? அக்கவுண்ட்ஸ் படித்தவர்கள் முதலில் கேட்கவேண்டியது, இது ஒருமுறைச் செலவா, தொடர் செலவா என்று. டயர், டேப், வால்வு ஒருமுறை. சீலண்ட் அப்படி இல்லை. இரண்டு முதல் ஆறு மாதத்தில் காய்ந்துபோகும், வெயில் ஊரில் இன்னும் சீக்கிரம். காய்ந்ததைச் சுரண்டிவிட்டு மறுபடி ஊற்றவேண்டும். மொத்தச் செலவை ஒரு பஞ்சர் ஒட்டும் காசால் வகுத்துப் பார்த்தால், எத்தனை பஞ்சர் ஆனால் போட்ட காசு திரும்பும் என்று தெரியும். வருஷத்துக்கு இரண்டு மூன்று பஞ்சர் ஆகிறவருக்கு இது நஷ்டக் கணக்கு. பெரிய கிழிசல் விழுந்தால் சீலண்ட் நிற்காது, வழியில் டியூப்தான் போட்டாகவேண்டும். ஆக, டியூப் வேண்டாம் என்று கழற்றியவர் பையில் ஒரு டியூபைத் தூக்கிக்கொண்டு அலைகிறார் :-)

காசு போனால் போகட்டும். சாதாரண ரிம்மில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, சாதாரண டயரையே மாட்டிச் சீலண்ட் ஊற்றுகிற கைவைத்தியம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. டியூப்லெஸ் டயரின் ஓரமும் அதற்கான ரிம்மும் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும்படி செய்யப்பட்டவை. மற்றதில் வளைவில் திரும்பும்போது டயர் கழன்றால் நேரே ரோட்டில்தான். சரியான ஜோடியிலும் எல்லை உண்டு. ஓரத்தில் கொக்கி இல்லாத ஹுக்லெஸ் ரிம்முக்கு 5 பாருக்கு மேல், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐக்கு மேல், காற்று கூடாது. 2024 பிப்ரவரியில் யூஏஈ டூர் பந்தயத்தில் பெல்ஜியம் வீரர் தாமஸ் டி ஹெண்ட் விழுந்தபோது அப்படிப்பட்ட ரிம்மிலிருந்து டயர் கழன்று தொங்கியதைப் பார்த்து உலகமே சண்டை போட்டது. தனி மெக்கானிக் வைத்திருப்பவர்களுக்கே இந்தக் கதி.

28 இஞ்ச் பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள் இந்தப் பேச்சையே எடுக்கவேண்டாம். அந்த ரிம்முக்கு டியூப்லெஸ் டயர் கிடைப்பது குதிரைக்கொம்பு. தேய்ந்த டயரை மாற்றி, கொஞ்சம் தடிமனான டயராகப் போட்டாலே பாதி பஞ்சர் குறையும். மீதிக்குத் தண்ணீர்த் தொட்டியும் சொல்யூஷனும் வைத்துக்கொண்டு தெருமுனையில் ஒரு அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். காடு மேடு, முள் என்று வாராவாரம் நூறு கிலோமீட்டர் மிதிக்கிறவர்கள், ரிம்மில் "டியூப்லெஸ் ரெடி" என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தாராளமாக மாற்றிக்கொள்ளலாம்.