ஐந்தாம் படி

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியானதும் ஆண்டுதோறும் நம் ஊர்களில் ஒரு கணக்குத் தொடங்குகின்றது. பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெற்றோர் எத்தனை பேர், இடம் பெறப்போவோர் எத்தனை பேர் என்பதே அக்கணக்கு. தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடமுண்டு. எஞ்சிய முக்காற் பங்கினர் என்ன ஆயினர் என்று கேட்பாரில்லை. இன்னொரு முறை சோதனை எழுதச் சொல்வோம். அதிலும் தவறினால் காணியை ஈடுவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவோம். தொழில்நுட்பக் கல்லூரி என்று எவரேனும் வாயெடுத்தால் மட்டும் முகஞ்சுளிப்போம்.

இச்சுளிப்பு நமக்கு வந்த வழி தெரிந்ததே. வெள்ளையர் ஆட்சியில் ஆங்கிலங் கற்ற நம் இளைஞர், மலாயா வரை சென்று கந்தோர்களிலும் புகையிரத நிலையங்களிலும் கதிரை பிடித்தனர். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தோடு அக்கதிரை ஆட்டங்கண்டது. 1970களின் தரப்படுத்தலோடு பொறியியல், மருத்துவ வாயில்களும் நம் பிள்ளைகளுக்கு ஒடுங்கின. கதிரை போயிற்று, கதிரை மோகம் போகவில்லை.

பட்டறையிற் பிறந்த கல்வி உயர்கல்வியாகாது என்போர் கட்டுபெத்தையைச் சற்றே நினைக்கட்டும். 1960இல் கனடாவின் உதவியோடு அங்கே அமைந்தது செய்முறைத் தொழில்நுட்பம் பயிற்றும் ஒரு நிறுவனமே. 1966இல் அது இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரியாயிற்று. 1972இல் பல்கலைக்கழக வளாகமாயிற்று. 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. இன்று தம் பிள்ளைக்கு அங்கே ஓரிடங் கிடைக்கவேண்டுமென்று நேர்த்திக்கடன் வைக்கும் பெற்றோர், அடுத்த வீட்டுப் பையன் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனால் இரங்குகின்றனர்!

இன்று நாட்டில் தேசிய தொழிற்றகைமை என்னும் ஏணியொன்று உண்டு. அதற்கு ஏழு படிகள். முதல் நான்கும் சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். அவ்வேழாம் படிக்கெனவே 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இரத்மலானையில் யுனிவோடெக் என வழங்கும் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. சாதாரண தரத்தோடு நின்று நீரிறைக்கும் இயந்திரந் திருத்தப் பழகிய பையனும் படிப்படியாக ஏறிப் பட்டதாரியாகலாம் என்பதே ஏற்பாடு. ஏற்பாடு நன்று, நாம் அதனைக் குறைகூறவில்லை.

குறை ஐந்தாம் படியில் இருக்கின்றது. நான்காம் படிவரை நம் பிள்ளை தமிழிற் கற்கலாம். மின்னிணைப்பையும் குளிரூட்டியையும் தமிழில் விளங்கிக்கொண்ட அவன் ஐந்தாம் படியிற் கால்வைத்ததும், பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகின்றன. கையின் திறன் குறையவில்லை, சொல்வதுதான் விளங்கவில்லை. சில மாதம் பொறுத்துப் பார்க்கின்றான். பின்னர் ஒரு நாள் வராது நின்றுவிடுகின்றான். பட்டியலில் அவன் பெயருக்கு நேரே 'இடைவிலகியவர்' என்று எழுதப்படுகின்றது. அவன் விலகினானா, விலக்கப்பட்டானா என்று நாம் கேட்கின்றோம்.

ஆங்கிலம் வேண்டாமென்பதன்று நமது கட்சி. இயந்திரத்தோடு வரும் கைந்நூல் ஆங்கிலத்திலேதான் வருகின்றது. ஆதலின் முதற்படியிலேயே, அதே பட்டறையில், கையிலிருக்கும் கருவியின் பெயரோடு ஆங்கிலத்தைத் தொடங்குக. ஐந்தாம், ஆறாம் படிகளில் விளக்கத்தைத் தமிழிலுந் தருக. விடையை இரு மொழியிலும் எழுத விடுக. தமிழும் அரசகரும மொழியென்று 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் கூறுகின்றது. அதனை வகுப்பறையிற் காட்டுவதற்கு இன்னுமோர் ஆணைக்குழு வேண்டுவதில்லை.

இது பட்டணத்துப் பிள்ளைகளின் கதையென்று கமக்காரர் ஒதுக்கிவிடலாகாது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போரில் அழிந்தது. தொழில்நுட்பம் கற்றவனுக்கு இன்று வேலை வயலிலும் தோட்டத்திலும் இருக்கின்றது. வலிகாமத்துச் சுண்ணக்கற் பாறையின் மேலே மிதக்கும் நன்னீரை அளவின்றி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறுகின்றது. எவ்வளவு இறைக்கலாமென அளந்து சொல்லவும், சொட்டுநீர்க் குழாய் பொருத்தவும் ஆள் வேண்டும். அறுவடைக் காலத்தில் அடிமாட்டு விலைக்குப் போகும் வெங்காயத்தைக் கெடாது காக்கும் களஞ்சியத்தை அமைக்கவும் ஆள் வேண்டும். சங்கத்துக்கு மனுக்கொடுத்து இவ்வேலைகள் நடவா.

கருவி இல்லையென்ற சாட்டும் முன்போல் எடுபடாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் உதவியுடன் அமைந்த பயிற்சி நிறுவனம் 2016 முதல் இயங்குகின்றது. யாழ்ப்பாணத்திலும் டிப்ளோமா வரை கற்பிக்கும் கல்லூரிகள் உள. அரசாங்கம் செய்யவேண்டியதை அரசாங்கத்திடமே கேட்போம். ஆயின் ஐந்தாம் படிக்கு வேண்டிய ஆங்கிலத்தை வாரத்தில் இரண்டு மாலை சொல்லிக்கொடுக்க, ஓய்வுபெற்ற பொறியியலாளரும் ஆசிரியரும் நம் ஊர்களிலேயே இருக்கின்றனர். சனசமூக நிலைய மண்டபங்கள் பல மாலையிற் பூட்டியே கிடக்கின்றன. திறப்பு, நாமறிந்தவரை, தலைவரின் வீட்டில் இருக்கின்றது.